குஹ்ய ஸந்தேசம்: ருக்மிணிப் பிராட்டியின் திருமுகமும் ஆழ்வார் விடுத்த தூதும்

ஸ்ரீமத் பாகவதம் பத்தாம் ஸ்கந்தத்தின் 52-ஆம் அத்தியாயத்தில், 37 முதல் 43 வரையுள்ள ஏழு சுலோகங்கள் ருக்மிணிப் பிராட்டி கண்ணனுக்கு அனுப்பிய செய்தியாக அமைந்துள்ளன. குண்டினபுரத்து அந்தணர் ஒருவர் அதைத் துவாரகைக்குக் கொண்டுசெல்கிறார். உபந்யாஸங்களில் இது பிராட்டி எழுதிய திருமுகம் என்றே வழங்கிவருகிறது. ஆனால் மூலத்தில் ஓலையைப் பற்றிய பேச்சு இல்லை. பிராட்டியின் வார்த்தைகள் அந்தணர் வாயிலாகவே வெளிப்படுகின்றன. அவற்றைச் சொல்லித் தலைக்கட்டிய அந்தணர், 44-ஆம் சுலோகத்தில், தாம் கொணர்ந்தவற்றிற்கு ‘குஹ்ய ஸந்தேசங்கள்’ என்று பெயரிட்டு, ஆராய்ந்து உடனே செய்யத்தக்கதைச் செய்தருள வேண்டும் என்று விண்ணப்பிக்கிறார்.

குஹ்யம் என்றால் மறைக்கப்பட்டது. இங்கே மறைக்கப்பட்டது எது? யாரிடமிருந்து மறைக்கப்பட்டது? இவ்விரண்டு கேள்விகளும் ருக்மிணியின் செய்திக்கு மட்டும் உரியன அல்ல. ஆழ்வார்கள் நாயிகா பாவத்தில் விடுத்த தூதுப் பாசுரங்கள் அனைத்தையும் நாம் எப்படி வாசிக்கிறோம் என்பது இக்கேள்விகளின் விடையைப் பொறுத்தே அமைகிறது.

அண்மைக் காலத்தில் எளிய விளக்க நூல்கள் பலவற்றில் ஒரு வழக்கம் காணப்படுகிறது. தலைவி என்றால் ஜீவாத்மா, தலைவன் என்றால் பரமாத்மா, பறவை என்றால் ஆசாரியன், இரு சிறகுகள் என்றால் ஞானமும் அனுஷ்டானமும் என்று ஓர் அட்டவணை முன்வைக்கப்படுகிறது. பிறகு பாசுரத்தின் ஒவ்வொரு சொல்லும் அட்டவணையில் உரிய கட்டத்தில் இடப்படுகிறது. இந்தப் பொருள்கள் பிழையானவை அல்ல. பூர்வாசாரியர்களின் ஸ்ரீஸூக்திகளிலிருந்து எடுக்கப்பட்டவையே. ஆனால் அவற்றை எடுத்த விதம் பிழையானது. காதல் என்பது மேலே கிடக்கும் உமி, தத்துவம் உள்ளே இருக்கும் அரிசி, குத்திப் புடைத்தபின் உமியைக் காற்றில் விட்டுவிடலாம் என்ற எண்ணம் அந்த விளக்கங்களுக்கு அடியில் இருக்கிறது. பராங்குச நாயகியின் கண்ணீரும் அந்த உமியோடு பறந்துபோகிறது.

முதலில் பிராட்டியின் செய்தியையே பார்ப்போம். கண்ணனுடைய குணங்கள் செவி வழியே புகுந்து தாபத்தைப் போக்குவதையும், வெட்கம் துறந்த தன் நெஞ்சு அவனிடமே புகுந்துவிட்டதையும் அவள் முதலில் சொல்லுகிறாள். அடுத்து, குலம், சீலம், வடிவு முதலியவற்றில் தனக்குத்தானே ஒப்பானவனை எந்தக் குலமகள்தான் வரிக்கமாட்டாள் என்று தன் துணிவுக்கு நியாயம் சொல்லுகிறாள். 39-ஆம் சுலோகத்தில், அவனைக் கணவனாக வரித்துவிட்டதையும் தன் ஆத்மாவையே அவனுக்கு அர்ப்பித்துவிட்டதையும் அறிவிக்கிறாள். சிங்கத்தின் பங்கை நரி தீண்டலாகாது என்கிறாள். இவை வரை யார் கேட்டாலும் விளங்கும் வார்த்தைகள். உருக்மியின் ஒற்றன் ஒருவன் வழியில் நின்று கேட்டிருந்தாலும் அவனுக்கும் விளங்கியிருக்கும்.

உண்மையான மறைபொருள் 40-ஆம் சுலோகத்தில் இருக்கிறது. அதைப் பெரும்பாலோர் விரைவாகக் கடந்துவிடுகிறார்கள். இஷ்டம், பூர்த்தம், தானம், நியமம், விரதம், தேவர்கள், அந்தணர்கள், குருக்கள் ஆகியோரின் அர்ச்சனை ஆகியவற்றால் பரமேசனான பகவான் தன்னால் ஆராதிக்கப்பட்டிருப்பது உண்மையானால், கதாக்ரஜன் வந்து தன் கையைப் பிடிக்கட்டும். தமகோஷன் மகன் முதலானோர் பிடிக்க வேண்டா என்கிறாள். கதனுக்கு முன் பிறந்தவன் ஆகையால் கதாக்ரஜன் என்பது கண்ணனுக்கு ஒரு பெயர். வெளியார் காதில் இது எப்படி விழும்? நோன்பு நோற்ற கன்னி ஒருத்தி, தான் வணங்கிய தெய்வத்தின் அருளால் தான் விரும்பிய மணாளன் கிடைக்கட்டும் என்று வேண்டுகிறாள் என்றே விழும். தெய்வம் ஒருவர், மணாளன் வேறொருவர் என்றே அவர்கள் கொள்வார்கள். செய்தியைப் பெறுகிறவனுக்கோ அவ்விருவரும் தானே என்பது தெரியும். ஆராதிக்கப்பட்டவனும் அவன், ஆராதனையின் பலனாக வருகிறவனும் அவன். உபாயமும் உபேயமும் ஒருவனே என்ற ஸம்பிரதாயத்தின் ஸாரார்த்தம், ஒரு பெண்ணின் வேண்டுதலுக்குள் இப்படி அடங்கியிருக்கிறது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. உட்பொருளைக் காண்பதற்கு வெளிப்பொருளை நாம் அகற்ற வேண்டியிருக்கவில்லை. கன்னியின் நோன்பு என்ற வெளிப்பொருள் அப்படியே நிற்கிறது. அவள் உண்மையாகவே நோற்றாள், உண்மையாகவே சிசுபாலனுக்கு அஞ்சினாள். இரண்டு பெயர்கள் ஒருவனையே குறிக்கின்றன என்பதை அறிந்தவனுக்கு அதே வாக்கியம் ஆழமாகிறது, அவ்வளவே. குஹ்யம் என்பது சொல்லுக்குப் பின்னால் ஒளித்துவைத்த வேறொரு சொல் அன்று. அது கேட்பவனைப் பற்றியது.

நோன்புகளை அடுக்கிச் சொன்னபடியால் பிராட்டியே ஸாதனாந்தரத்தைக் கைக்கொண்டாளோ என்று ஐயுறுவோர் 42-ஆம் சுலோகத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அங்கே ‘உபாயம்’ என்ற சொல்லையே அவள் எடுக்கிறாள். அந்தப்புரத்தில் உள்ளவளை உறவினரைக் கொல்லாமல் எப்படிக் கொண்டுபோவது என்று கண்ணன் கேட்பானாகில், அதற்கு உபாயம் சொல்லுகிறேன் என்கிறாள். அவள் சொல்லும் உபாயம் யாது? திருமணத்திற்கு முதல்நாள் குலதெய்வ யாத்திரை நடக்கும். மணப்பெண் நகருக்கு வெளியே கிரிஜையின் கோயிலுக்கு வருவாள். இவ்வளவுதான். தான் இருக்கும் இடத்தையும் நாளையும் அறிவிக்கிறாளே அன்றி, தான் செய்யப்போவதாக எதையும் சொல்லவில்லை. நான் வருகிறேன் என்ற வார்த்தை செய்தியில் எங்கும் இல்லை. வந்து கொண்டுபோக வேண்டும் என்பதே இருக்கிறது. வந்து, வென்று, கைப்பிடிக்கும் வினை முழுவதும் அவனுடையது. (தேவதாந்தரத்தின் கோயிலுக்கு அவள் செல்வது சிலருக்கு உறுத்தலாம். அங்கும் கண்ணனே கணவனாக வேண்டும் என்றே வேண்டினாள். ஆண்டாள் காமனைத் தொழுததை நம் பெரியோர் எந்தக் கண்ணால் பார்த்தனரோ, அதே கண்ணால் இதையும் பார்த்தால் போதும்.)

சிங்கத்தின் பங்கை நரி தீண்டும் உவமையை நாச்சியார் திருமொழி முதல் திருமொழியின் ஐந்தாம் பாசுரத்தோடு ஒப்பிட்டால் ஆண்டாளின் தனித்தன்மை தெரியும். அங்கேயும் நரி வருகிறது. ஆனால் அது மோந்து பார்ப்பது சிங்கத்தின் இரையை அன்று. வானவர்க்கென்று அந்தணர் வேள்வியில் வகுத்த அவியை. ருக்மிணியின் உவமையில் வீரமும் உரிமையும் முன்னிற்கின்றன: வல்லவனின் பங்கை எளியவன் எடுக்கலாகாது. ஆண்டாளின் உவமையில் தூய்மையும் அனன்யார்ஹத்வமும் முன்னிற்கின்றன: அவி ஒருமுறை ஒருவர்க்கென்று வகுக்கப்பட்டால் பிறர் தொட்ட மாத்திரத்தில் கெட்டுப்போகும். மானிடவர்க்கு என்று பேச்சுப்பட்டால் வாழமாட்டாதவளுக்கு இதைவிடப் பொருந்தும் உவமை இல்லை. இவ்வளவு நுண்ணிய வேறுபாட்டை ‘நரி என்றால் தேவதாந்தர ஸம்பந்தம்’ என்று எழுதிவிட்டு நகரும் அட்டவணை எப்படிக் காட்டும்?

ஆண்டாளின் பதினோராம் திருமொழியும் இங்கே நினைக்கத்தக்கது. திருவரங்கர் தன் வளையைக் கொள்ளைகொண்டார் என்று முறையிடும் அத்திருமொழியில், ஒன்பதாம் பாசுரம் சிசுபாலன் ஒளி மழுங்கி அண்ணாந்து நிற்க, கண்ணன் ருக்மிணியைக் கைப்பிடித்ததை எடுத்துரைக்கிறது. அடுத்த பாசுரத்தில், அரங்கர் பணித்த மெய்யான பெருவார்த்தையைத் தன் தந்தை கேட்டிருப்பார் என்கிறாள். அப்பெருவார்த்தையைச் சரம சுலோகமாகவே கொள்வது நம் மரபு. ஒருத்தி விடுத்த காதல் செய்தி பலித்த வரலாறும், ரஹஸ்யங்களுள் ஒன்றான சரம சுலோகமும் அடுத்தடுத்த பாசுரங்களில் நிற்கின்றன. சரம சுலோகம் ரஹஸ்யம் என்று சொல்லப்படுவது, அதன் சொற்கள் விளங்காதவை என்பதாலா? இல்லை. ஆசாரியன் திருவாயால், கேட்கத் தகுந்தவன் கேட்க வேண்டியது என்பதால். காதலர் இடையிலான செய்திக்கும் இதே இலக்கணம்தான்.

இந்த இலக்கணத்தை இராமாயணம் மிகத் தெளிவாகக் காட்டுகிறது. அசோகவனத்தில் பிராட்டி திருவடியை முதலில் நம்பவில்லை. மாய வடிவெடுத்த இராவணனோ என்று ஐயுற்றாள். பெருமாள் கொடுத்தனுப்பியது தம் திருநாமம் பொறித்த மோதிரம். இதற்கு மறுமொழியாகப் பிராட்டி சொல்லியனுப்பியது சித்திரகூடத்தில் நடந்த காக விருத்தாந்தம். அது ஏன் அடையாளமாகிறது? அங்கே அவர்கள் இருவரைத் தவிர அதை அறிந்தார் இலர். ஆனால் அடையாளம் என்ற ஒன்றோடு அது முடிந்துவிடவில்லை. ஒரு காக்கையின்மேல் பிரம்மாஸ்திரம் தொடுத்தவர், என்னைக் கவர்ந்தவனை எப்படிப் பொறுத்திருக்கிறார் என்ற ஊடலும் அதில் இருக்கிறது. ஊடலுக்குள்ளும் இன்னொன்று இருக்கிறது: வதத்திற்கு உரியதான அந்தக் காக்கை சரணமென்று விழுந்து உயிர் பெற்றது. பிராட்டியின் ஸந்நிதி இருந்தமையால் காகம் பிழைத்தது, அது இல்லாமையால் இராவணன் மாண்டான் என்று பிள்ளை லோகாசாரியர் இதிலிருந்து புருஷகார வைபவத்தை எடுத்துக்காட்டினார். அடையாளம், ஊடல், தத்துவம் என்ற மூன்றும் ஒரே கதையில் ஒன்றையொன்று கெடுக்காமல் இருக்கின்றன. ஊடலை நீக்கிவிட்டால் தத்துவத்திற்கு நிற்க இடமில்லை.

பெரியாழ்வார் திருமொழி மூன்றாம் பத்தின் பத்தாம் திருமொழியில் திருவடி பிராட்டிக்கு அடையாளங்களை ஒவ்வொன்றாகச் சொல்லுகிறார். வில் முறித்தது மிதிலை முழுதும் அறிந்த செய்தி. அது ஒற்றனுக்கும் தெரியும். இரண்டாம் பாசுரத்தில் மல்லிகை மாலையால் பிராட்டி பெருமாளைக் கட்டிய நிகழ்ச்சி வருகிறது. வான்மீகியில் அது இல்லை. அயோத்தியின் அந்தப்புரத்தில் நிகழ்ந்த அது இருவர் மட்டுமே அறிந்தது. வான்மீகியில் பிராட்டி சொல்லியனுப்பும் காக்கைக் கதையைப் பெரியாழ்வார் திருவடியின் வாயிலேயே வைத்துவிடுவதும் காணத்தக்கது. இருவர் அறிந்ததை இடையில் நிற்பவன் அறிந்திருக்கிறான் என்றால், அவன் எவ்வளவு அந்தரங்கன்! தூதனாகிய ஆசாரியனின் பெருமை இங்கேதான் இருக்கிறது. செய்தியைச் சுமக்கிறான் என்பது மட்டும் அன்று. அந்த அந்தரங்கத்திற்குள் அவன் அனுமதிக்கப்பட்டிருக்கிறான்.

இனி நம்மாழ்வாரிடம் வருவோம். திருவாய்மொழியில் நான்கு தூதுகள்: 1-4 அஞ்சிறைய மடநாராய், 6-1 வைகல் பூங்கழிவாய், 6-8 பொன்னுலகாளீரோ, 9-7 எங்கானல். அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் ஆசார்ய ஹ்ருதயத்தில் இந்நான்குக்கும் முறையே வியூகம், விபவம், பரத்வமும் அந்தர்யாமித்வமும், அர்ச்சை ஆகியவற்றை இலக்காகக் காட்டி, பொறுமை, காக்கும் விரதம், ஸாரஸ்யம், அழகு என்ற குணங்களை அவற்றோடு இணைக்கிறார். இது பலரும் அறிந்த பகுப்பு. ஆனால் அவர் இந்தப் பகுப்பை எங்கிருந்து தொடங்குகிறார் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. தலைவன் ஏன் வரவில்லை, எது அவனை மறக்கச் செய்தது என்ற தலைவியின் கேள்வியிலிருந்து தொடங்குகிறார். தன் பிழையோ, அவனுடைய செல்வமோ, பரந்த அலுவலோ, தன் அடியாரோடு அவன் கூடி வாழ்வதோ என்று ஒவ்வொரு தூதிலும் ஒரு காரணத்தை அவள் எண்ணுகிறாள். அக்காரணத்தை வெல்லத்தக்க குணத்தை நினைவூட்டித் தூது விடுகிறாள். காத்திருக்கும் பெண்ணின் மனத்தில் எழும் ஐயங்களின் வரிசையே இங்கே தத்துவ வரிசையாகிறது.

முதல் தூதில் பிழைதான் முழுப் பேச்சு. அவன் தன் பிழையையே நினைந்து அருளாமல் இருக்கிறான் என்று தலைவிக்கு எண்ணம். கிளியை நோக்கும் பாசுரத்தில், அவனுடைய தகவுக்கு இவள் என்ன பிழை செய்துவிட்டாள் என்று ஒரு வாய்ச்சொல் கேட்கும்படி சொல்லியனுப்புகிறாள். இதையும் பாகவதம் 53-ஆம் அத்தியாயத்தையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். செய்தி போய்விட்டது; விடியலில் திருமணம்; கண்ணன் வரவில்லை, அந்தணரும் திரும்பவில்லை. அப்போது ருக்மிணி தன்னிடம் ஏதோ இழிவைக் கண்டு அவன் வராதிருக்கிறானோ என்று எண்ணிக் கலங்குகிறாள். இராமாவதாரத்தில் சீதையாகவும் கிருஷ்ணாவதாரத்தில் ருக்மிணியாகவும் வந்தவள் திருமகளே என்பது ஸ்ரீவிஷ்ணு புராணம். குற்றமே இல்லாத அவளுக்கே இந்த ஐயம் வந்ததென்றால், அது ஜீவனுக்கு மட்டும் உரிய அறியாமையால் வந்தது என்று எப்படிச் சொல்வது? அது பிரேமத்தின் இயல்பு. துவாரகையிலோ கண்ணன் தனக்கும் இரவில் உறக்கம் இல்லை என்று அந்தணரிடம் சொல்லிவிட்டான். அந்த மறுமொழி அவளுக்கு எட்டுவதற்குள் இருந்த இடைவெளிதான் இந்தப் பத்துப் பாசுரங்களின் இடமும்.

ஈடு முப்பத்தாறாயிரப்படியில் இத்திருவாய்மொழியின் தொடக்கத்தைப் படித்தவர்கள், நம்பிள்ளை நாரையின் சிறகைப் பற்றிக் கூறும் இடத்தை மறக்கமாட்டார்கள். தாயின் உறுப்புகள் எத்தனை இருந்தாலும் குழந்தை முதலில் முலையிலே வாய்வைப்பதுபோல, பறந்து செல்வதற்குக் கருவியான சிறகிலே தலைவி முதலில் கண்வைக்கிறாள் என்பது அவ்விடத்தின் கருத்து. இது அட்டவணை அன்று. தவிக்கும் ஒருத்தியின் பார்வை எங்கே விழும் என்று ஊகித்தறிந்த நெஞ்சின் வார்த்தை. பறவையின் சிறகு ஞானானுஷ்டானங்களாக விரிவதற்குமுன் அது தலைவிக்கு உண்மையான சிறகாக இருந்தாக வேண்டும். வியாக்கியானங்களில் தலைவியின் நிலையை விரிக்கும் பகுதி எவ்வளவு, ஸ்வாபதேசம் எவ்வளவு என்று அளந்து பார்த்தவர்களுக்கு நம் பெரியோரின் திருவுள்ளம் தெரியும். நீண்ட உரைக்குப்பின் ஸ்வாபதேசம் பெரும்பாலும் சில வரிகளில் முடிந்துவிடுகிறது. இன்றைய எளிய நூல்கள் அந்தச் சில வரிகளை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டன.

நாயனாரும் பறவையை அழித்து ஆசாரியனைக் காட்டவில்லை. அன்னத்தைச் சொல்லும்போது சேற்றில் அது உவப்புக் கொள்ளாமையையும், பிராட்டியின் நடையை அது பின்செல்வதையும் கொண்டே ஆசாரியலக்ஷணத்தை உணர்த்துகிறார். அன்னத்தின் இயல்பு தெரியாதவனுக்கு அந்த வாக்கியம் பயன்படாது. தமிழ் அகப்பொருள் மரபில் உள்ளுறை என்பதும் இவ்வாறே, நிலத்துக் கருப்பொருளின் இயல்பை விட்டு விலகாமல் உள்ளே ஒன்றைக் குறிப்பது. அறிவு மேலிட்ட நிலையில் ஆழ்வார் தாமாகவும், காதல் மேலிட்ட நிலையில் பெண்ணாகவும் பேசுகிறார் என்று பகுத்தவரும் நாயனாரே. பெண் பேச்சு வெறும் வேடம் என்றால், காதலும் வேடம் என்றாகிவிடும்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு பிழை உண்டு. இப்பாசுரங்களை வெறும் அகப்பாடல்களாகக் கொண்டு, ஸ்வாபதேசம் பிற்காலத்தார் ஏற்றியது என்று சொல்வோர் உளர். அவர்கள் அத்திருவாய்மொழியின் ஒன்பதாம், பத்தாம் பாசுரங்களுக்கு என்ன சொல்வார்கள்? அங்கே தூதுக்கு விளிக்கப்படுபவை வாடைக்காற்றும் தன் நெஞ்சும். வெளியே பறக்கும் நாரையில் தொடங்கிய தூது, தன் உள்ளத்தில் வந்து முடிகிறது. உள்நோக்கிய இந்த நகர்வு பாசுர வரிசையிலேயே இருக்கிறது. உரையாசிரியர் கொண்டுவந்து ஏற்றியது அன்று.

தூதுக்குக் கொடுக்கும் பரிசில்தான் மூன்று இடங்களும் வெவ்வேறாகத் தெரிகின்றன. பொன்னுலகாளீரோ என்ற ஆறாம்பத்துத் தூதில் பராங்குச நாயகி பறவைகளுக்குப் பொன்னுலகையும் புவனி முழுவதையும் ஆளக் கொடுக்கிறாள். உபய விபூதியும் ஆசாரியனுக்குக் காணிக்கை என்று இதை விரிப்பது எளிது, பொருத்தமும்கூட. திருநெடுந்தாண்டகத்தின் 27-ஆம் பாசுரத்தில் பரகால நாயகி திருக்கண்ணபுரத்துக்கு நாரையைத் தூது விடுக்கும்போது கொடுப்பதோ, சுற்றியுள்ள கானமும் வயல் மீன்களும். பேடையோடு வந்து இங்கே இனிது இருக்கலாம் என்கிறாள். ஆசாரியனுக்கு மீன் எப்படிக் காணிக்கையாகும் என்று அட்டவணை திகைக்கிறது. திகைக்க வேண்டியதில்லை. நாரை நாரையாகவே இருப்பதால் அதற்கு வேண்டியதை அவள் தருகிறாள். உபகாரம் செய்தவர்க்கு அவர் உகப்பதையே தரவேண்டும் என்பது சிஷ்யன் கற்க வேண்டிய பாடம்.

ருக்மிணியின் அந்தணர் திரும்பி வந்தபோது அவளுக்கு இடத்தொடையும் தோளும் கண்ணும் துடித்தன. அவர் முகத்தைப் பார்த்தே செய்தி பலித்ததை அறிந்துகொண்டாள். கண்ணன் வந்துவிட்டதையும், அழைத்துப்போவதாக அவன் சொன்ன மெய்வார்த்தையையும் அவர் தெரிவித்தார். விதர்ப்ப மன்னன் மகளிடம் கொடுக்கப் பொன் இல்லையா, ஊர் இல்லையா? அந்தணருக்குத் தரத்தக்க பிரியமான பொருள் வேறொன்றையும் அவள் காணவில்லை என்று பாகவதம் சொல்லுகிறது, அவரை வணங்கினாள். யாருடைய திருவடியைப் பிரம்மாதிகள் நாடுகிறார்களோ, அவளுடைய திருமுடி ஒரு தூதர்முன் தாழ்ந்தது.